தன்னியக்கமும் நீடித்த நினைவும்

ஒரு தொழிலை இயந்திரத்திடம் ஒப்புவிக்க விரும்புவோர் அவ்வியந்திரத்தின் விரைவையே பெரும்பாலும் வினாவுவர். அதனினும் முந்தி வினாவத்தக்கது ஒன்றுண்டு. நேற்றுச் செய்த வேலையை அது இன்று நினைவில் வைத்திருக்குமா என்பதே அவ்வினா. கணக்கப்பிள்ளை எத்துணை விரைவாகக் கூட்டினும், கூட்டிய தொகையை ஏட்டில் எழுதி வைக்காவிடின் மறுநாட் கடை திறக்கும்போது அவர் கூட்டாதவரோடு ஒப்பாவர். இன்று நம்மனைவர் கையிலும் உள்ள திறன்பேசிக்கும் இவ்விதி பொருந்தும். ஆதலின், திறன்பேசியிலே தன்னியக்கமாக ஓடும் செயற்கோவைகள் தமக்கு வேண்டிய செய்திகளை எங்கே, எவ்வாறு நிலையாக வைத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வாம். கணினிப் பாடம் பயிலும் மாணவர்க்கும், சங்கக் கணக்குகளையும் வீட்டுக் காரியங்களையும் பார்க்கும் பழைய மாணவர்க்கும் இஃது ஒருங்கே பயன்படும் என நம்புகிறோம்.

செயற்கோவை யாது?

ஒரு நிகழ்ச்சி நேர்ந்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நடைபெறும் வேலைகளின் தொகுதியைச் செயற்கோவை என்கிறோம். மாலை ஏழு மணியாயிற்று, மின்கலம் குறைந்தது, வீட்டு வைபை இணைப்புக் கிடைத்தது, இன்னாரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இவை போன்றன தூண்டும் நிகழ்ச்சிகள். அண்ட்ரோயிட் வகைத் தொலைபேசிகளில் டாஸ்க்கர், மாக்ரோட்ரொயிட் முதலிய செயலிகள் இப்பணியைச் செய்கின்றன. ஐபோனில் இப்பணிக்கு உரியது ஷோர்ட்கட்ஸ் என்னும் செயலி. வேர்க்புளோ என்னும் பெயரில் 2014இல் வெளிவந்ததை 2017இல் ஆப்பிள் நிறுவனம் வாங்கி, 2018இல் ஐஓஎஸ் 12 உடன் இப்பெயரில் வழங்கியது. நிரல் எழுதக் கல்லாதவரும் கட்டங்களை அடுக்கியே கோவையொன்றை ஆக்கிவிடலாம் என்பது இவற்றின் சிறப்பு. அவ்வாறு ஆக்குவோர் பலர் முதலில் இடறுமிடம் நினைவு பற்றியதேயாகும்.

நினைவின் இருவகை

கரும்பலகையில் எழுதுதல் ஒருவகை. ஏட்டில் எழுதுதல் மற்றொருவகை. பாடம் முடிந்ததும் கரும்பலகை துடைக்கப்படும், ஏடு நிற்கும். ஷோர்ட்கட்ஸ் செயலியில் நாம் வகுக்கும் மாறிகள் கரும்பலகை எழுத்தை ஒத்தவை. கோவை ஓடி முடிந்த கணத்தில் அவை மறைந்துவிடும். அடுத்த முறை ஓடும்போது முன்னைய மதிப்பு எதுவும் இராது. டாஸ்க்கரில் இருவகையும் உண்டு. முழுவதும் ஆங்கிலச் சிற்றெழுத்தால் ஆன பெயருடைய மாறி அவ்வேலைக்கு மட்டும் உரியது. வேலை முடிய அதுவும் முடியும். பெயரில் ஒரு பேரெழுத்தாயினும் இருப்பின் அது பொது மாறியாகும். தொலைபேசியை நிறுத்தி மீள இயக்கினாலும் அதன் மதிப்பு அழியாது. எழுத்தின் பருமை ஒன்றே நிலைத்தலையும் நிலையாமையையும் தீர்மானிக்கின்றது. இதனை அறியாதார், தம் கோவை ‘சிலநாள் ஓடுகிறது, சிலநாள் மறக்கிறது’ எனக் குறைகூறுவர்.

எனினும் பொது மாறியும் முற்றும் நிலையானதன்று. செயலியை நீக்கினால் மாறிகளும் அதனோடு போய்விடும். புதுத் தொலைபேசிக்கு மாறும்போதும் நாமே எடுத்துச் சென்றாலன்றி அவை தாமே வாரா. ஆகவே சிறு எண்களுக்கும் அடையாளக் குறிகளுக்கும் பொது மாறி போதும். இழக்கவொண்ணாத கணக்கிற்குக் கோப்பே தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு: மாத்திரைக் கணக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தனித்து வாழும் தாயார் ஒருவரைக் கருதுவோம். மக்கள் இருவரும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளனர். பெறாமகன் ஒருவர் கொட்டாஞ்சேனையில் வதிகிறார். நீரிழிவுக்காகத் தாயார் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை உட்கொள்ளுதல் வேண்டும். மாதத் தொடக்கத்தில் 60 மாத்திரை வாங்கப்படுகின்றது. வேளை வந்ததும் தொலைபேசி நினைவூட்ட வேண்டும். உட்கொண்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருப்பு ஏழுநாட்கு மட்டும் போதும் என்ற நிலைக்கு, அதாவது 14 மாத்திரைக்கு, இறங்கியதும் பெறாமகனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இதுவே நாம் வேண்டும் கோவை.

இருப்பை மறையும் மாறியில் வைத்தால் விளைவதைக் காண்க. பதினைந்தாம் நாள் முடிவில் 30 மாத்திரை செலவாகி 30 எஞ்சியிருக்கும். அன்றிரவு மின்வெட்டு நேர்ந்து மின்கலம் தீர்ந்து தொலைபேசி அணைந்து, மறுநாள் மீள இயங்கி, கணக்கை 60 என முதலிலிருந்து தொடங்குகிறது என்போம். மேலும் பதினைந்து நாள் கழியும்போது புட்டியில் ஒரு மாத்திரையும் இராது. தொலைபேசியோ 30 உள எனச் சொல்லும். பெறாமகனுக்குச் செய்தி போகாது. 2022 மார்ச்சு இறுதியில் இத்தீவு நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டதாதலின், இது வெறுங் கற்பனையென ஒதுக்கத்தக்கதன்று.

இதன் மறுதலை இன்னுங் கொடிது. உட்கொண்டதைத் தொலைபேசி மறந்து மீண்டும் ‘மருந்து உட்கொள்க’ என அழைத்தால், தாயார் அதனை நம்பி இருமுறை உட்கொள்ளக்கூடும். சிலவகை நீரிழிவு மருந்துகள் அளவு மிகுந்தால் குருதியிற் சீனியை ஆபத்தான அளவிற்குத் தாழ்த்திவிடும். நினைவுப் பிழை இங்கே கணக்குப் பிழையாக மட்டும் நில்லாது உயிர்க்கும் ஊறாகலாம். ஆகையாற்றான் இதனைப் பாடத்திற்குரிய எடுத்துக்காட்டாகக் கொண்டோம்.

எங்கே எழுதுவது?

ஷோர்ட்கட்ஸ் செயலியில் ஐகிளவுட் இயக்ககத்துள் அச்செயலிக்கென்றே ஒரு கோப்புறை உண்டு. அதனுள் உரைக்கோப்பொன்றை வைத்து, கோவையின் தொடக்கத்திற் படித்து, முடிவில் எழுதுதல் வேண்டும். டாஸ்க்கரிலும் கோப்பைப் படித்தல், கோப்பில் எழுதுதல், ஈற்றிற் சேர்த்தல் ஆகிய செயல்கள் உள. ஐபோனில் இத்தேவைக்கெனவே டேற்றா ஜார் என்னும் செயலியும் எழுந்தது. பெயரிட்ட சாடிகளிற் பொருளை இட்டு எடுப்பதுபோல் அதில் மதிப்புகளை இட்டு எடுக்கலாம். பலர் சேர்ந்து பார்க்கவேண்டிய கணக்காயின் இணையத்திலுள்ள விரிதாள் ஏற்றது. ஆனால் இணைப்பு அற்றவேளை அது பயன்படாது. பல்லாயிரம் பதிவுகள் உள்ள பெருங்கணக்காயின் தரவுத்தளம் வேண்டும். ரிச்சர்ட் ஹிப் என்பார் 2000இல் ஆக்கிய எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளம் அண்ட்ரோயிட், ஐஓஎஸ் இரண்டினுள்ளும் அமைந்துள்ளது. நம் மாத்திரைக் கணக்கிற்கு உரைக்கோப்பே அமையும்.

கோப்பின் வடிவம் யாதாக இருத்தல் வேண்டும்? காற்புள்ளியாற் பிரித்த வரிகள் ஒருமுறை. பெயரும் மதிப்பும் இணையிணையாக நிற்கும் ஜேசன் என்னும் வடிவம் மற்றொரு முறை. வரிவரியாக வளரும் குறிப்பிற்கு முன்னையதும், அமைப்பு விவரங்களுக்குப் பின்னையதும் பொருந்தும். இரண்டும் வெறும் உரையே. செயலி அழிந்தாலும் தொலைபேசி மாறினாலும் வேறெந்தக் கருவியிலும் திறந்து கண்ணாற் படிக்கலாம் என்பது இவற்றின் பெருநன்மை.

நாளேடும் பேரேடும்

கொழும்புச் செட்டியார் தெருவில் வணிகம் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் கணக்கெழுதும் ஒழுங்கிற்குப் பெயர் பெற்றோர். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த முறையே குறித்தல் முதற்படி. அதிலிருந்து பேரேட்டிற்குப் பெயர்த்து இருப்புக் காணுதல் அடுத்தபடி. இந்நெறியைத் திறன்பேசிக்கும் கொள்ளலாம். ‘இருப்பு 46’ என்று ஓரெண்ணை மட்டும் வைத்து அதனை நாடோறும் அழித்தெழுதினால், ஒருநாட் பிழை நேரின் எங்கே நேர்ந்ததெனக் காணல் அரிது. அதற்கு மாறாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்:

2025-03-01, காலை, வரவு, 60
2025-03-01, காலை, செலவு, 1
2025-03-01, இரவு, செலவு, 1

வரவெல்லாங் கூட்டிச் செலவெல்லாங் கழித்தால் இருப்புத் தானே பிறக்கும். இருபத்துமூன்று நாள் தவறாது உட்கொண்டால் செலவு 46, இருப்பு 14. அன்றே செய்தி போகும். பழைய வரியை ஒருபோதும் அழித்தலாகாது. மாத்திரையொன்று கீழே விழுந்து பாழாயின் அதற்கும் ஒரு செலவு வரி எழுதுக. மாதத்தில் ஒருநாள் புட்டியில் உள்ளதை எண்ணி ஏட்டோடு ஒப்பிடுக. வேறுபாடு காணின் ‘திருத்தம்’ என ஒரு வரி சேர்க்க. ஏடு பிழையாயிருக்கலாம், புட்டி பொய் சொல்லாது.

இங்கே மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மணி ஒலித்தது வேறு. மருந்து உட்கொண்டது வேறு. மணி ஒலித்தவுடன் செலவு எழுதும் கோவை, நடவாததை நடந்ததாகப் பதிவு செய்யும். ‘உட்கொண்டேன்’ என்ற விடையைத் தாயார் தொட்ட பின்னரே வரி எழுதப்படல் வேண்டும்.

திறவுச்சொல்லும் தமிழெழுத்தும்

ஒரு பதிவை மற்றொன்றினின்றும் பிரித்தறிய உதவும் குறியைத் திறவுச்சொல் என்பர். தமிழர் தம் ஏட்டைத் தமிழில் எழுத விரும்புவது இயல்பே, அதற்குத் தடையுமில்லை. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. ‘கொட்டாஞ்சேனை’ என்னும் பெயரின் முதலெழுத்தை நோக்குக. ககரத்தின் பின் வரும் ஒகரக் குறியை யூனிக்கோட் முறையில் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம். இடப்புறக் கொம்பு, வலப்புறக் கால் என இரு குறியெண்களாகவும் வைக்கலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இஃதொக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிக்கோட் நெறியும் இரண்டையும் நிகரென்றே கொள்ளும். எனினும் குறியெண்களை நேருக்குநேர் ஒப்பிடும் செயலி, கொட்டாஞ்சேனை வேறு, கொட்டாஞ்சேனை வேறு எனத் தீர்ப்பளித்துவிடும். வெள்ளவத்தைக்கு இவ்விடர் இல்லை. அதிலுள்ள எகரக் குறிக்கு ஒரே வடிவந்தான்.

ஆதலின் திறவுச்சொல்லாக எண்ணையே கொள்க. சங்க உறுப்பினர் பட்டியலிலும் இவ்வாறே. ஒருவர் பெயரை நால்வர் நால்வகையாக எழுதுவர். உறுப்பினர் எண் மாறாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதிய பழைய பட்டியல்கள் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். அவற்றை யூனிக்கோடாக மாற்றி, யூரீஎப்-8 முறையிற் சேமித்த பின்னரே கோவையிற் சேர்த்தல் வேண்டும்.

நாளும் நேரமும்

நாளைக் குறிக்க ஆண்டு, மாதம், தேதி என்ற ஒழுங்கே சிறந்தது. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலக நியமமும் இதனையே விதிக்கின்றது. இவ்வொழுங்கில் எழுதினால் எழுத்துவரிசைப்படி அடுக்கியதும் கால வரிசையும் தானே அமையும். ‘03-04-2025’ என்பதோ ஒருவர்க்கு ஏப்பிரல் மூன்றாம் நாள், மற்றொருவர்க்கு மார்ச்சு நான்காம் நாள்.

நேரத்தோடு அதன் வலயத்தையும் குறித்தல் வேண்டும். ரொறன்ரோவிலுள்ள மகன் காணும் ஏழு மணியும் வெள்ளவத்தைத் தாயார் காணும் ஏழு மணியும் ஒன்றல்ல. ஒரே ஊரில் இருந்தாலும் இது வேண்டுமோ எனின், வேண்டும் என்பதற்கு நம் நாடே சான்று. கிறினிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை நேரம் 1996 மே மாதத்தில் ஆறரையாக மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாயிற்று. 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. பத்தாண்டில் மூன்றுமுறை கடிகாரம் மாறிய நாட்டில், வலயங் குறியாத நேரப் பதிவு ஐயத்திற்கு இடமானதே. ‘2025-03-01 19:00 +05:30’ என எழுதினால் எவருக்கும் எக்காலத்தும் பொருள் ஒன்றே.

நால்வகை இடையூறு

முதலாவது, முதல் ஓட்டம். கோவை முதன்முதல் ஓடும்போது கோப்பே இராது. ‘கோப்பு இல்லையேல் புதிதாக ஆக்குக’ எனக் கட்டளை இட்டிருத்தல் வேண்டும். ஆனால் நெடுநாள் ஓடிய பின் கோப்புக் காணாமற் போயின் அதே கட்டளை கேடு விளைக்கும். வெற்றேட்டை மீண்டும் தொடங்கிவிடும். ஆகையால் தொடக்கம் முடிந்தபின் அக்கட்டளையை நீக்கி, ‘கோப்புக் காணப்படவில்லை’ என எச்சரிக்குமாறு மாற்றுக. வாளா தொடங்கும் கோவையிலும் நின்று முறையிடுங் கோவை நன்று.

இரண்டாவது, இருமுறை ஓடுதல். விரல் இருமுறை பட்டாலும், ஒரே தூண்டல் இருமுறை நேர்ந்தாலும் இரு வரி எழுதப்படும். எழுதுமுன் ‘இந்நாள், இவ்வேளைக்குச் செலவு வரி முன்னரே உண்டா?’ என நோக்கி, இருப்பின் எழுதாது விடுக. நாளும் வேளையும் சேர்ந்தே இங்கே திறவுச்சொல்லாகின்றன. ஒருமுறை செய்தாலும் பன்முறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருத்தல் நல்ல கோவையின் இலக்கணம்.

மூன்றாவது, இடைமுறிவு. எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அணைந்தால் கோப்புப் பாதியில் நின்றுவிடும். முழுக் கோப்பையும் மாற்றி எழுத நேரின், முதலில் வேறு பெயரில் எழுதி, படித்துச் சரிபார்த்து, அதன்பின் பழையதன் பெயரை அதற்கு இடுக. ஈற்றில் வரி சேர்க்கும் முறையில் கடைசி வரியொன்றே பழுதுறக்கூடும், ஏனையவை தப்பும்.

நான்காவது, இரு கருவிகள் ஒரே கோப்பில் எழுதுதல். தாயாரின் தொலைபேசியும் பெறாமகனின் தொலைபேசியும் இணைப்பின்றி ஒரே வேளையில் எழுதினால், பின் இணையும்போது ஒன்றன் எழுத்தை மற்றொன்று மூடிவிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பு வைத்து, படிக்கும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துக் கூட்டுதலே எளிய பரிகாரம்.

அட்டையும் இருப்பும்

அடையாளத்தையும் இருப்பையும் பிரித்து வைத்தலின் பயனை இலங்கை மக்கள் அனைவரும் நேரிற் கண்டதுண்டு. எரிபொருள் பஞ்சத்தின்போது 2022 யூலையில் தேசிய எரிபொருள் அனுமதிமுறை அறிமுகமாயிற்று. ஒவ்வோர் ஊர்திக்கும் ஒரு கியூஆர் குறி. தொடக்கத்தில் வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கையிலிருந்த குறி ஊர்தியை அடையாளங் காட்டியதேயன்றி, எஞ்சிய லீற்றரைத் தாங்கவில்லை. எஞ்சியதை மைய ஏடே அறிந்திருந்தது. அதனால் குறியைப் பத்துப் படி எடுத்தாலும் பங்கு பத்தாகவில்லை. வெள்ளவத்தையில் நிரப்பியது கொட்டாஞ்சேனை நிரப்பு நிலையத்திலும் தெரிந்தது. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. அதன் பாடம் நிற்கின்றது. மாறாததைக் கையிலும் மாறுவதை ஓரிடத்திலும் வைக்க என்பதே அப்பாடம்.

படியும் மறைவும்

ஓரிடத்தில் வைத்த ஏட்டிற்குப் படி வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை மீளவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கிப் பேணி வருவது இவ்வுண்மையை உணர்ந்தே. சிறிய மாத்திரைக் கணக்கிற்கும் வாரம் ஒரு படி வேறிடத்துச் செல்லுமாறு கோவையிலேயே அமைக்கலாம். படியெடுத்தால் மட்டும் போதாது. அதனைத் திறந்து படிக்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும்.

படி பெருகுமிடத்து மறைவு குறையும் என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் உட்கொள்ளும் மருந்து அவர் நோயைப் புலப்படுத்தும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்புவகைத் தரவாகக் கொண்டுள்ளது. ஆகவே தேவைக்கு மிஞ்சி எழுதற்க. நோயின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இக்கணக்கிற்கு வேண்டா. கடவுச்சொற்களை உரைக்கோப்பில் ஒருபோதும் வைத்தலாகாது. ஏட்டை யார் யார் பார்க்கலாம் என்பதைத் தாயாரையே கேட்டுத் தீர்மானித்தல் முறையாகும்.

முடிபு

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்துரைப்பாம். மறையும் மாறியையும் நிற்கும் கோப்பையும் வேறுபடுத்தி அறிக. நிகழ்ச்சிதோறும் ஒரு வரி சேர்க்க. இருப்பைக் கூட்டிக் காண்க. எண்ணைத் திறவுச்சொல்லாக்குக, நாளை ஆண்டு முதலாகவும் நேரத்தை வலயத்தோடும் எழுதுக. முதல் ஓட்டம், இருமுறை ஓட்டம், இடைமுறிவு, இரு கருவி என்னும் நான்கிற்கும் முன்னரே வழி வகுக்க. படி வைக்க; மறைவு காக்க.

மாணவர்கள் இவ்விடுமுறையில் இத்தகைய கோவையொன்றைத் தம் வீட்டு முதியோர்க்கு அமைத்துப் பார்ப்பாராக. அமைத்தபின் தொலைபேசியை வேண்டுமென்றே அணைத்து மீள இயக்குக. கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுக. ஒரே விடையை இருமுறை தொடுக. மூன்று சோதனையிலும் கணக்குப் பிழையாது நின்றால் மட்டுமே அதனை முதியோர் கையிற் கொடுக்கலாம். கொடுத்த பின்னரும் வாரம் ஒருமுறை நேரிற் சென்று புட்டியை எண்ணி வருதல் நன்று. தொலைபேசி மறவாதிருக்கச் செய்தல் நம் கல்வி; அதனை நம்பி நாம் அவரை மறவாதிருத்தல் நம் கடன்.